கிறிஸ்துமஸுக்கு வராத காரணம்

சித்தூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

குடிபாலா பக்கம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்திருக்கிறது. மனிதருக்கு ஒட்டாது, பயப்படாதீர்கள். பன்றிக்குத்தான் மருந்தே இல்லை. நோயில் விழுந்த ஒரு பன்றியைச் சாவதற்குள் அறுத்து, உறவுக்காரர்கள் கூறு போட்டுக்கொண்டார்கள். கறி கழுவிய தண்ணீர் அவரவர் பன்றித் தொட்டிக்குப் போனது, நோயும் கூடவே போனது.

சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் எல்லாப் பன்றிகளையும் கொல்ல வேண்டும் என்பது விதி. சுந்தரி என்பவளுடைய பன்றிகளுக்கு நோயே இல்லை. “நல்லாத்தானே துன்னுக்கினு கீது, இதையுமா டாக்டரம்மா?” என்று ஊசி பிடித்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். விதியைத்தான் திரும்பச் சொன்னேன். எல்லாம் முடிந்ததும், “மனுசங்களுக்கு ஒட்டாதுன்னு நீதானே சொன்னே? அப்போ டீ குடிச்சிட்டுப் போ” என்றாள். குடித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை அம்மா. என் செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு அந்தக் கிருமி நம் வீட்டுப் பன்றிகளிடம் வந்துவிடலாம். ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் ஊற்றாதீர்கள். முடிந்தால் தம்பியிடம் சொல்லி, குட்டிகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓடியாடும் பன்றியைப் பார்த்து நாளாகிறது.

ஜீப் ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன்.

உங்கள் மகள்,
ஸெலின்