ஈரத்துக்கு மூன்று கிலோ

2005 ஐப்பசி 25

விடியலிலிருந்து மழை. உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர். எந்தப் பாத்தி யாருடையது என்று வரப்புக்கே தெரியாது. கபடிக் கிரவுண்டில் முழங்கால் ஆழம். நடுக்கோட்டில் இரண்டு வாத்து. பார்த்துவிட்டு வந்தேன். மத்தியானம் மறுபடி போனேன். வாத்து இல்லை.

பொங்கல் வரை ஆட்டம் கிடையாது. கையும் காலும் சும்மா இருக்கமாட்டேன் என்கின்றன. பள்ளிக்கூடம் போகாதவன், கிழவயதில் இரவு வகுப்பில் கூட்டிய எழுத்து. எழுதினால் மண்டைக்குள் ஓடுவது கொஞ்சம் நிற்கிறது. இந்த வருஷ ஏழு பேர்:

லெஃப்ட் கார்னர் பல்லி. ஒட்டினால் விடமாட்டான். ஆனால் ரைடர் கோடு தாண்டும் முன்பே குனிந்துவிடுகிறான். இவன் காலைப் பார்க்கிறான், அவன் தலையைத் தொட்டுவிட்டுப் போகிறான்.

ரைட் கார்னர் தனசேகர். கேப்டன். என் தம்பி மகன். சுமார். சொந்தம் என்று கூட்டிச் சொல்லமாட்டேன்.

கவர் இரண்டும் அண்ணன் தம்பி. கை கோர்த்து ரைடரைச் சுருட்டுவதில் இவர்களைப் போல இந்தப் பக்கத்தில் இல்லை. சித்திரையில் பாகம் பிரிந்ததிலிருந்து பேச்சு இல்லை. கை கோர்ப்பார்களா?

நடுவில் நெட்டை. ஆளைப் பார்த்தால் பயம் வரும். ஆட்டத்தைப் பார்த்தால் போய்விடும்.

இரண்டாவது ரைடர் இட்லிக்கடைக்காரர் மகன். மூச்சு போதாது.

முதல் ரைடர் ஏழுமலை. இவனுக்கு மாற்று கிடையாது. எழுதவே வேண்டாம்.

ஐப்பசி 26

எழுதவே வேண்டாம் என்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. போன பொங்கல், கிளியனூரோடு ஆட்டம், கடைசி ரைடு. ஏழுமலை இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறான். கோட்டுக்கு ஒரு சாண். அவர்கள் லெஃப்ட் கார்னர் ராஜவேல் படுத்தபடியே கணுக்காலைப் பிடித்தான். ஒரு பாயின்ட்டில் ஆட்டம் போனது. அந்தக் கால் எந்தக் கால் என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வலது.

பிடித்தவன் வேறு யாரோ என்றால் பரவாயில்லை. ஏழுமலையின் பெண்சாதிக்குத் தம்பி. சொந்த மச்சான். அன்று ராத்திரி மாமியார் வீட்டு விருந்தில் இலை முன்னால் வைத்து, “மாமா, கால மடிச்சி ஒக்காரு, புடிச்சிடப் போறேன்” என்றானாம். வீடே சிரித்தது. ஏழுமலை சாப்பிடாமல் எழுந்து வந்தவன்தான். “இவனத் தொட்டு வெளிய ஒக்கார வெச்சிட்டுத்தான் அந்த ஊட்டு வாசப்படி மிதிப்பேன்” என்று சொல்லிவிட்டான்.

அவன் பெண்சாதி இப்போது நிறைமாதம். அம்மா வீட்டில்.

ஐப்பசி 29

கிளியனூர்க் கமிட்டி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. இந்த வருஷம் அறுபது கிலோ ஆட்டம். ஒரு பிடி அதிகம் இருந்தாலும் வெளியே. போன வருஷம் யாரோ எருமை மாதிரி நான்கு பேரை இறக்கினார்களாம், அதனால்.

சாயங்காலம் எல்லாரும் எங்களிடம் உப்பு வாங்குகிற முதலாளியின் கொட்டகையில் கூடினோம். மழைக்கு வேறு இடம் இல்லை. உப்பு மூட்டை போடுகிற மேடைத் தராசில் ஒவ்வொருவராக ஏறினார்கள். மேஸ்திரி பழக்கதோஷத்தில் மூட்டைக்குக் கூவுவது போலவே கூவினார். ஏழுமலைக்கு, “அம்பத்தொம்போதர! அடுத்த மூட்ட!” ஒரே சிரிப்பு. நானும் ஏறினேன். நாற்பத்து நாலு.

“பெரியப்பா, நீ சப்-ஜூனியர் ஆடலாம்” என்றான் தனசேகர்.

எல்லாரும் அறுபதுக்குள். நிம்மதி. ஆனாலும் பல்லி குனிகிறான்.

கார்த்திகை 4

இன்று யோசித்தது: பல்லியை ரைட் கார்னருக்கும் தனசேகரை லெஃப்டுக்கும் மாற்றினால்? டீக்கடையில் சொன்னேன். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணாடி டம்ளர்களை வைத்துக் காட்டினேன். ரைடர் டம்ளர் விழுந்து உடைந்தது. கடைக்காரர் முகம் சரியில்லை.

வீட்டில் சாப்பிடும்போதும் வாய் ஓய்வதில்லை போல. வீட்டுக்காரி கேட்டாள்: “ஒனுக்கு கொழம்பு கார்னர்ல ஊத்தட்டுமா, கவர்ல ஊத்தட்டுமா?”

கார்த்திகை 9

இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி. நர்ஸ் எடை பார்த்தாள். நாற்பத்தேழு.

சட்டை தொளதொள என்று தொங்குகிறது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மழைக்காலத்தில் அளத்துக்காரனுக்கு எங்கே சதை போடும்? கொட்டகையில் நாற்பத்து நாலு, இங்கே நாற்பத்தேழு.

மருந்து: சிவப்பு டானிக். வாழைப்பழ வாசனை.

கார்த்திகை 10

ரேஷன் கடைக்குப் போய் அரிசித் தராசில் ஏறினேன். “இன்னா பெருசு, ஒன்ன எந்தக் கார்டுல போடறது?” என்றான் எடை போடுகிறவன். நாற்பத்தொன்பது.

கொடுக்கிற இடத்தில் கூடக் காட்டுகிறது. வாங்குகிற இடத்தில் குறையக் காட்டுகிறது. அப்படியானால் ஏழுமலை?

பஸ் பிடித்துத் திண்டிவனம். ரயில் ஸ்டேஷனில் லைட் எரிகிற எடை மிஷின். காசு போட்டால் அட்டை வரும். நாற்பத்தேழு. பின்பக்கம் எழுத்துக் கூட்டிப் படித்தேன்: உங்கள் சொல் சபையில் ஏறும். இது பொய் என்றால் எடையும் பொய்யாக இருக்கலாம். என் எடை என்ன என்று இந்தத் தாலுக்காவில் ஒருத்தருக்கும் தெரியாது.

வந்து இறங்கினால் சேதி. ஏழுமலைக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். சர்க்கரை கொடுத்தான், வாயெல்லாம் பல். “எப்படா போற?” என்றேன். பல் மறைந்தது.

கார்த்திகை 12

குப்பத்தில் புது வீடு கட்டுகிற கான்ட்ராக்டர், நனையாமல் இருக்கச் சிமென்ட் மூட்டைகளை நம் உப்புக் கொட்டகையில்தான் அடுக்கியிருக்கிறார். தையல் பிரிக்காத மூட்டை. மேலே ஐம்பது கிலோ என்று அச்சு. தனசேகரையும் ஏழுமலையையும் கூட்டிப்போய் ஒன்றைத் தூக்கி மேடையில் வைக்கச் சொன்னேன்.

நாற்பத்தேழு.

இன்னொன்று. நாற்பத்தேழு.

மேஸ்திரி பீடியை அணைக்காமலே வந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

“அது ஈரத்துக்குப்பா. உப்புல தண்ணி இருக்குதில்ல? மூணு கிலோ கழிவு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து உண்டு. ஊருக்கே தெரியும்.”

ஏழுமலை கேட்டான்: “அப்ப நானும் ஈர உப்பா மேஸ்திரி?”

“டேய், ஆளுங்கள ஏத்தச் சொல்லி நானா கூப்டேன்?”

கழிவு உண்டு என்று எனக்கும் தெரியும். அதை எடைச் சீட்டில் கழிப்பார்கள். இங்கே தராசு ஒரு தடவை கழித்துவிட்டுச் சீட்டும் கழிக்கிறது. அளத்துக்காரர்கள் இரண்டு பேர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிமென்ட் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு அப்போது அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. ஏழுமலை அறுபத்திரண்டரை. அதுதான்.

கார்த்திகை 13

மற்றவர்களுக்குப் பாதகமில்லை. மூன்று கூட்டினாலும் அறுபதுக்குள். இவன் ஒருத்தன்தான்.

“எறக்கிடறேன் பெருசு. நாலு நாள் பட்டினி கெடந்தா ஆச்சி” என்கிறான். இருக்கிறதே எலும்பும் நரம்பும். எங்கேயிருந்து இறக்குவான்? தொடையிலிருந்துதான். தொடைதான் ரைடு.

கார்த்திகை 27

ஏழுமலை ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டான். ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வரப்பில் ஓடுகிறான். குழந்தையைப் பார்க்கப் போகவில்லை. மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. தலையை ஆட்டினான், அவ்வளவு.

மழை விட்ட இடைவெளியில் ரோட்டுமேல் கோடு போட்டுப் பிராக்டிஸ். அண்ணன் தம்பி கை கோர்த்தார்கள்! ரைடு முடிந்ததும் உடனே உதறிக்கொண்டார்கள். போதும்.

மார்கழி 6

வீட்டில் உட்கார முடியவில்லை. எழுந்தால் நிற்க முடியவில்லை. ஏழு பேரை நான்கு விதமாக மாற்றிப் பார்த்தேன். எந்த வழியில் வந்தாலும் ஏழுமலை இல்லாத வரிசை ஓட்டைப் பானை.

ஆஸ்பத்திரித் தராசில் அவன் அறுபத்தொன்று. கன்னம் ஒட்டிவிட்டது.

மார்கழி 15

இன்று பார்த்ததை எழுதுகிறேன். பல்லி ஏழுமலையைப் பிடித்துவிட்டான். பிராக்டிஸில் பல்லி அவனைப் பிடித்து நான் பார்த்ததில்லை. அதுவும் குனிந்துகொண்டே. ஏழுமலை கோட்டுக்குப் பாய்ந்தான். பாய்ச்சல் பாதியில் நின்றுவிட்டது. எழுந்து முட்டியில் கை வைத்துக்கொண்டு நின்றான். கண் எங்கேயோ இருந்தது. பல்லிக்கே பயம். “அண்ணே, சோடா வாங்கியாரவா?”

மார்கழி 16

தனசேகர் வந்தான். பனியன் எண் எழுதக் கொடுக்க வேண்டுமாம். “பெரியப்பா, நீயே சொல்லிடு. ஏழுமல இருக்கட்டுமா, வேணாமா? நான் சொன்னா அடிக்க வருவான்.”

ஸ்டேஷன் அட்டை பொய் சொல்லவில்லை. சொல் சபையேறுகிறது. ஏறாமல் இருந்திருக்கலாம்.

பட்டினி கிடந்து அறுபதான ஏழுமலை ஏழுமலையே இல்லை. அவனை ராஜவேலிடம் அனுப்பினால் இன்னொரு கணுக்கால்தான். இந்த முறை மாமியார் ஊரே பார்க்கும். வேண்டாம் என்றேன்.

அவனிடம் நானே போனேன். வரப்பில் சாக்கோடு நின்றான்.

“ஏழுமல, நீ இந்த வருஷம் வேணாம்பா. போயி சோறு துன்னு.”

“நீ ஆரு என்னத் தூக்க? நீ என்னிக்காவது கோடு தாண்டியிருக்கியா?”

“இல்ல.”

“வெளிய குந்திக்கினு பேசறவன்தானே நீ.”

“ஆமா.”

சாக்கை என் காலடியில் எறிந்துவிட்டுப் போனான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. சாக்கைக் கொண்டுவந்து கொடியில் போட்டிருக்கிறேன்.

மார்கழி 24

ஏழுமலை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் சாப்பிடுகிறான். இட்லிக்கடையில் பார்த்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே இன்னும் நான்கு வாங்கினான்.

ஏழாவது ஆளாக ஒரு சின்னப் பையன். ஏழுமலை இடத்தில் இட்லிக்கடைக்காரர் மகன். எழுதும்போதே மூச்சு வாங்குகிறது.

போகி

மழை ஓய்ந்தது. பழைய பாய் கொளுத்தினோம். கொட்டகையில் முதல் வெயிலுக்கு மூட்டை எடை. அளத்துக்காரர்கள் தங்கள் மூட்டையை ஏற்றும் முன்னால் சிமென்ட் மூட்டை ஒன்றை ஏற்றி வைத்தார்களாம். மேஸ்திரி கூவவில்லையாம். முதலாளியே வந்து பேசட்டும் என்று அளத்துக்காரர்கள் எடையை நிறுத்திவிட்டார்களாம். தனசேகர் சொன்னான். கேட்டுக்கொண்டேன். மனது கிளியனூரில்.

தை 3, காணும் பொங்கல்

வெளிச்சம் வரும் முன்பே வேன். ஏழுமலை வரமாட்டான் என்று நினைத்தேன். கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை.

கிளியனூர்க் கிரவுண்டில் கமிட்டி எங்கிருந்தோ புதுத் தராசு கொண்டுவந்திருந்தது. நம்மவர்கள் ஏறினார்கள். எல்லாரும் உள்ளே. பிறகு அவர்கள். ராஜவேல் பனியனோடு, மீசையைத் தடவிக்கொண்டு ஏறினான்.

அறுபத்திரண்டு.

“சும்மா சொல்லாத! நெல்லு மண்டித் தராசுல அம்பத்தொம்போது!” என்று கத்தினான்.

அவர்கள் நெல் விற்கிற மண்டி. அங்கேயும் வாங்குகிறவன் தராசு.

பனியனைக் கழற்றச் சொன்னார்கள், வேட்டியைக் கழற்றச் சொன்னார்கள். ஜட்டியோடு நின்றும் பார்த்தான். வெளியே.

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ராஜவேல் இல்லாத கிளியனூர். ஏழுமலையை நான் தூக்காமல் விட்டிருந்தால், பட்டினியோடு பட்டினியாக அறுபதுக்கு வந்திருப்பான். பிடிக்க ஆள் இல்லை. நடந்தே போய்த் தொட்டுவிட்டு வந்திருப்பான். ஒரு வருஷம் காத்திருந்தது. என் வாயால் போனது.

திரும்பிப் பார்த்தால் ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்குள் ராஜவேல் வேட்டியைச் சுற்றிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தான்.

“இன்னா மாமா, நீயும் வெளியவா?”

“நான் அறுவத்திமூணுடா. ஒன்னவிட ஒன்னு கூட.”

“அதுலயும் போட்டியா? சரி வா, ஊட்டுக்குப் போலாம். அக்கா திட்டுது.”

“வரமாட்டேன். வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

ராஜவேல் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை திறந்தது போதும். அவன் ஓடினான். தெருக்கோடி வீடுதான். திரும்பி வரும்போது கையில் துணிமூட்டை மாதிரி ஒன்று. பின்னால் அவன் அக்காள், தலை வாராமல் ஓடிவந்தாள்.

“ந்தா, வாசப்படி இங்க வந்திடுச்சி” என்றான்.

ஏழுமலைக்குப் பிடிக்கத் தெரியவில்லை. எத்தனை பேர் பிடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தவன். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்றான். குழந்தை அவன் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை.

“நல்ல கார்னர்” என்று தனசேகர் கோட்டுக்கு உள்ளேயிருந்து கத்தினான்.

ஏழுமலை என்னிடம் நடந்து வந்தான். மார்கழிக்குப் பிறகு முதல் பேச்சு.

“பெருசு, புடி. எவ்ளோ இருக்கும், சொல்லு.”

வாங்கினேன். கூடை கூடையாக உப்பு தூக்கின கை. சூடாக இருந்தது. மூத்திரம் விட்டிருந்தது. என் வேட்டியும் நனைந்தது.

“நாலரை” என்றேன்.

“ஈரத்துக்குக் கழிச்சா?”

“கழிக்காம.”

விசில் ஊதியிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஒரு பாயின்ட் நம் பக்கம். முதல் ரைடு எவன் போனான், யாரைத் தொட்டான், தெரியாது.