உன் அப்பாவின் கையில் அவர்கள் வைத்த சிகரெட்

இன்று காலை பினாங்கில் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போகும் வழியில் எனாமல் பெயிண்ட் வாசம் வந்தது. ஒரு கடையின் பக்கச் சுவரில் இரண்டு பேர் ஏணியில் நின்று ஏதோ பானத்தின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கூடையோடு நடுவழியில் நின்றுவிட்டேன். நீ இறந்துபோய் இரண்டு வருஷமாகிறது. அந்தக் கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரின் ரேடியோ தொழிற்சாலையில் நாம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஃபெரியில் போகும்போதும் வரும்போதும் கையில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் நீ முகங்கள் வரைவாய். உன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பதினாலு வயதில் தொடங்கிய சிகரெட் அவர் நுரையீரலைத் தின்றுவிட்டது. கடைசி வருஷம் அதை விட்டார். கை சும்மா இருக்க முடியாமல் எந்நேரமும் தேத்தண்ணிக் கிளாஸைப் பிடித்திருப்பார். "இத மொதல்லயே புடிச்சிருக்கணும்" என்பார்.

அவர் இறந்தபின் நீங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பக்கச் சுவரில் அவரை வரைந்தாய். நாலு ஞாயிற்றுக்கிழமை. கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார். தோளில் சாக்கு, கையில் தேத்தண்ணி. வேலை முடிந்து போகிற துறைமுகத்து ஆட்கள் சுவரைப் பார்த்து, "என்னண்ணே, இன்னிக்கு லீவா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். உன் அம்மா உள்ளே இருந்து சிரிப்பார்.

பிறகு ஒரு நாள் ஒரு கேமராக்காரன் வந்தான். சுவரைப் படம் எடுத்துக்கொண்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றான். நீ சந்தோஷத்தில் அவனை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாய். "எங்கப்பா. சிகரெட்டால செத்தாரு" என்று சொன்னாய். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அதனால் அவர்கள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

இரண்டு மாதம் கழித்து உன் அம்மா ஆயர் ஈத்தாம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"உங்கப்பா அங்க இருக்காரு. வீடு ஒசரத்துக்கு. கையில சிகரெட்டு."

போய்ப் பார்த்தோம். ஒரு சிகரெட் கம்பெனியின் விளம்பரப் பலகை. அதே சாக்கு, அதே கண் சுருக்கம். கிளாஸை அழித்துவிட்டு விரலிடுக்கில் சிகரெட்டை வரைந்திருந்தார்கள். கீழே, 'உழைத்தவருக்கு ஒரு நிம்மதி' என்று எழுதியிருந்தது. நீ பலகையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாய்.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். டை கட்டிய ஒருவர் உட்காரச் சொன்னார். நம்ம ஆள்தான், தமிழர்.

"சுவரு உங்களோடதா, சிஸ்டர்? வாடகை வீடுதானே? வீட்டு முதலாளி சைன் போட்டுக் குடுத்துட்டாரு. ரோட்டுல வரைஞ்சா எல்லாருக்கும் பொதுதான் லா."

"பொதுன்னா உங்களுக்கு மட்டும் எப்படி சொந்தமாச்சு?" என்றாய். "எங்கப்பாவக் கொன்னத எங்கப்பா கையிலயே குடுத்திருக்கீங்க."

"அவர பினாங்கு பூரா தெரிய வெச்சிருக்கோம். சந்தோஷப்படுங்க லா." மேசைக்குள்ளிருந்து ஒரு காலண்டரை எடுத்து நீட்டினார். அதன் அட்டையிலும் உன் அப்பாதான்.

நீ அதை வாங்கவில்லை. வெளியே வந்ததும் நான், "விடு லா, பெரிய கம்பெனி, நம்மால என்ன முடியும்?" என்றேன். அந்த டைக்காரர் சொன்னதைவிட நான் சொன்னதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அந்த வாரமே வீட்டு முதலாளி வந்தார். அந்தச் சுவரிலேயே கம்பெனிப் பெயர் எழுத ஆட்கள் வருவார்கள், படத்தோடு சேர்த்து எழுதுவார்கள் என்றார். அவர் போனதும் உன் அம்மா சொன்னார்: "மூடிடு. செத்த பெறகும் அவரு ஏன் இன்னொருத்தனுக்கு மூட்ட தூக்கணும்?"

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைப் பெயிண்ட் வாளியோடு நீ ஏணியில் ஏறினாய். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். காலிலிருந்து தொடங்கினாய். சாக்கு போனது, தோள் போனது. முகத்துக்கு வந்ததும் கை நின்றது. அம்மா வாசலில் நின்று, "அடி" என்றார். அடித்தாய்.

மறுநாள் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். சுவர் வெள்ளையாக, வேலைக்குத் தயாராக இருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. மத்தியானத்துக்குள் பெரிய சிவப்பு எழுத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். மாசக் கடைசியில் வீட்டு முதலாளி உங்களைக் காலி செய்யச் சொன்னார். ஆயர் ஈத்தாம் பலகை அதன்பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றது. உன் அம்மா சந்தைக்குச் சுற்றுவழியாக நடந்தே போனார்.

அந்தப் படத்தை அழித்தது தப்பா என்று சாகும்வரை நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நம்மிடம் கேமரா இல்லை. நீ வரைந்தது போலவே இருந்த அந்தச் சுவரை நாம் யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. எடுத்தவன் அவன் ஒருவன்தான். இப்போது கண்ணை மூடினால் உன் அப்பா அந்தச் சிகரெட்டோடுதான் வருகிறார். ஒவ்வொரு தடவையும் அதை அவர் விரலிலிருந்து நான்தான் பிடுங்கவேண்டியிருக்கிறது. பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.