பாக்கெட் தண்ணீர், பானைத் தண்ணீர்

புரட்டாசி 5, சனி

கடும் வெயில். காற்று இல்லை.

பந்தலில் இருந்தவர்கள்: நான், இவர், நாத்தனார் செல்வி, எதிர்வீட்டு குப்பம்மா. வேறு யாரும் இல்லை. முரளி பெங்களூரில்தான். பெற்ற பிள்ளைக்கு லீவு இல்லையாம்.

முதல் சனிக்கிழமை. விடியுமுன் குளியல், பெருமாளுக்குக் கற்பூரம், பிறகு ரோட்டோரம் தண்ணீர்ப் பந்தல். புத்தூர்ப் பக்கமிருந்து திருப்பதி மலைக்கு நடக்கிற மஞ்சள் துணி ஜனம். கோவிந்தா சத்தம் ஓயவில்லை.

வாங்கினது: தண்ணீர் பாக்கெட் பத்து மூட்டை, வெல்லம் 2 கி., எலுமிச்சை, கற்பூரம். முரளி அனுப்பிய பணம். மதியத்துக்குள் ஒரு மூட்டை பாக்கெட் தவிர எல்லாம் காலி.

முன்பு பானையும் டம்ளரும். டம்ளரைக் கையில் வாங்குமுன், "எந்தத் தெரும்மா நீங்க?" என்பார்கள். தெருவைச் சொன்னால் தாகம் போய்விடும். சிலர் கேட்காமல் குடிப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பாக்கெட் வந்த பிறகு ஒருத்தரும் கேட்டதில்லை. முனையைக் கடித்து, உறிஞ்சி, எறிந்துவிட்டுப் போகிறார்கள். என் கையால் தண்ணீர். பெருமாள் காட்டிய வழி என்று நினைத்திருந்தேன்.

புரட்டாசி 7, திங்கள்

நேற்று முழுக்க மழை. காலையில் எங்கள் கொல்லை நிலத்துக்குப் போனால் வேர்க்கடலைச் செடி தெரியவில்லை, தண்ணீர்தான். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற தூம்பு அடைத்துக்கொண்டது. உள்ளே பூராவும் பாக்கெட். என் பாக்கெட்.

இவர் இடுப்பளவு சேற்றில் இறங்கி வாரி வாரி மேலே போட்டார்.

"அடியே, உன் புண்ணியம் வருது பாரு, மூட்ட மூட்டயா. எண்ணிக்கோ. கணக்கு எழுதறவளாச்சே நீ."

வாரிப் போட்டதை ஒதுக்கிக் குவித்தேன். இந்தக் கொல்லையில் களை எடுக்கக் கூலிக்குப் போனவர்கள் நாங்கள். பத்திரம் எங்கள் பேருக்கு மாறி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

ஏகாதசி என்றைக்கு, பஞ்சாங்கம் பார்க்க வேண்டும்.

புரட்டாசி 8, செவ்வாய்

மூட்டம். தூம்பு திறந்தும் தண்ணீர் மெதுவாகத்தான் வடிகிறது.

வாரிப் போட்ட பாக்கெட்டைக் கொளுத்தினேன். கரும்புகை, தொண்டையெல்லாம் எரிச்சல். குப்பம்மா வாசலில் நின்று, "இன்னாடி, பெருமாளுக்குச் செய்யறியா, பொணம் எரிக்கிறியா?" இத்தனைக்கும் சனிக்கிழமை என்னோடு நின்று கொடுத்தவள்.

சாயங்காலம் அவள் வீட்டுப் போனுக்கு முரளி பேசினான்.

"யம்மா, பிளாஸ்டிக்கே வாணாம்மா. பேப்பர் கப்பு வாங்கு. மண்ணோட மக்கிப் பூடும். எங்க ஆபீஸ்ல அதான்."

"கப்புன்னா பானையிலேர்ந்து ஊத்திக் குடுக்கணுமேடா."

"ஊத்து."

"தெருவ கேப்பாங்கடா."

"இப்பல்லாம் யாரும்மா அதக் கேக்கறாங்க?"

மூன்றாம் சனி, ஆபீஸ் சிநேகிதர்களோடு சித்தூர் வழியாக வேனில் மலைக்கு வருகிறானாம். அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவானாம். தனியாக.

புரட்டாசி 11, வெள்ளி

தூறல். இட்லி மாவு புளித்துவிட்டது.

நேற்று திருப்பதி போய்ப் பேப்பர் கப் வாங்கினேன். கடைக்காரர் தெலுங்கில், "அந்தா பேப்பரேனம்மா." எல்லாம் பேப்பர்தானாம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு கப்பை ராத்திரி சொம்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் வெளிப்பக்கம் கூழ். உள்பக்கம் மெல்லிசாக ஒரு தோல், உரித்தால் அப்படியே வந்தது. இழுத்தால் நீள்கிறது, கிழியவில்லை. கொளுத்திப் பார்த்தேன். அதே நாற்றம், கொஞ்சம் கம்மி.

ஆனால் தூம்பை இது அத்தனை அடைக்காது. அதையும் சொல்ல வேண்டும்.

மந்தாரை இலையில் புளியோதரை கொடுக்கலாம். தண்ணீரை இலையில் எப்படிக் கொடுப்பது.

புரட்டாசி 12, சனி

வெயில் மறுபடி. பந்தலில் அதே நான்கு பேர். ஒரு பக்கம் மிச்சமிருந்த பாக்கெட், ஒரு பக்கம் பானையும் பேப்பர் கப்பும். பானைப் பக்கம் நான்.

பையன்கள் கூட்டம் ஒன்று வந்தது. கேள்வியே இல்லை, ஆளுக்கு மூன்று கப். "ஆயா மாதிரி ஊத்தறியேம்மா, நல்லாருப்ப" என்றான் ஒருவன். மனசு குளிர்ந்தது.

பிறகு ஒரு அம்மா, என் வயசு, கால் வீங்கி. ஊற்றிக் கொடுத்தேன். வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எந்தத் தெரும்மா நீங்க?"

சொன்னேன். பொய் சொல்ல வரவில்லை, பெருமாள் பேரால் நிற்கிறேனே.

"எனக்குச் சளி கட்டிக்கினு இருக்குது. பானத் தண்ணி ஆவாது. பாக்கெட்டே ஒண்ணு குடுத்துடும்மா."

கொடுத்தேன். அதே கை. வாங்கிக்கொண்டாள், கடித்து உறிஞ்சினாள், "கோவிந்தா" என்று கும்பிட்டாள். கப்பைக் கீழே கொட்டவில்லை. நிறைந்தபடியே பானை ஓரம் பதமாக வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பதம்தான் தாங்கவில்லை.

செல்வி சிரித்தாள். "பாக்கெட்டுக்குத் தெரு இல்ல பாரு அண்ணி."

சாயங்காலம் வரை இன்னும் நாலைந்து பேர் அப்படி. இருமல், ஜுரம், விரதம். எல்லாம் பானையைப் பார்த்ததும் வருகிற வியாதி.

அவள் வைத்த கப்பை எடுத்து நானே குடித்தேன்.

புரட்டாசி 14, திங்கள்

ஈரக்காற்று. கொல்லையில் நாலு செடி பிடுங்கிப் பார்த்தேன். காய் பிஞ்சிலேயே கறுத்திருக்கிறது. பாதிக்கு மேல் போச்சு.

இவர்: "இனிமே பாக்கெட்டு வாங்கினா, தூம்புல நான் எறங்க மாட்டேன். நீயே எறங்கு."

செல்வி: "பானன்னா நான் வர்ல அண்ணி. நின்னு பதில் சொல்லிக்கினு இருக்க என்னால ஆவாது."

இரண்டு பேர் சொல்வதும் சரி. அதுதான் கசப்பு. விளக்கேற்றி உட்கார்ந்தும் மனசு நிற்கவில்லை. பந்தலே வேண்டாம் என்று விடவும் முடியவில்லை.

முரளிக்குக் கார்டு போட்டேன். எழுதினது:

முரளி, நீ சொன்னபடி பாக்கெட் வாங்கவில்லை. கப் இருக்கிறது. பானை கழுவி வைத்தாயிற்று. சனிக்கிழமை உங்கள் வேன் திருப்பதி வந்ததும், மலை ஏறுமுன் சிநேகிதர்களோடு இங்கே வா. பானைப் பக்கத்தில் நின்று நீ ஊற்று. யாராவது தெருவைக் கேட்டால் நீயே சொல். வருகிறாயா இல்லையா, வியாழக்கிழமைக்குள் குப்பம்மா வீட்டுப் போனுக்குச் சொல்லிவிடு.