பனிக்கு அடியில் சூடு

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். தாராவி வீட்டைப் பூட்டிவிட்டு நானும் அம்மாவும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருக்கிறோம். அம்மா சாப்பிடுகிறாள்.

அப்பாவுக்கு மெஷின்தான் மூச்சு விடுகிறது. மூளையில் இனி ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டர் இந்தியில் சொன்னார். தமிழில் அம்மாவுக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

"என்னட்டி சொல்லுதாரு?" என்றாள். மடியில் என் பரீட்சைப் புத்தகம் இருந்தது. பேச்சை மாற்ற, வியாழனைச் சுற்றும் யூரோப்பா என்ற நிலாவின் படத்தைக் காட்டினேன். மேலே பாறையாக இறுகிய பனி, நீள நீளமாக விரிசல், அங்கே புல்கூட முளைக்காது. ஆனால் வியாழன் இழுத்து இழுத்துப் பிசைவதால் உள்ளே சூடு உண்டு, அடியில் கடல் இருக்கலாம், உயிரும் இருக்கலாம் என்றேன்.

முறுக்கு மாவு பிசைந்தே நம்மை வளர்த்தவள் அல்லவா? "அப்பாவும் அப்படித்தான் கெடக்காவ. வெளியதான் குளுந்திருக்கு," என்றாள்.

அன்றிலிருந்து உள்ளே விடும்போதெல்லாம் அப்பாவின் பாதங்களைப் பிசைகிறாள். "மாவ்ஷி, பஸ் கரோ," போதும் விடுங்கள் என்று நர்ஸ் அதட்டினாலும் விடுவதில்லை. "சூடு ஏறுது, தொட்டுப் பாருட்டி," என்கிறாள். தொட்டேன். அது அவள் கையின் சூடு.

யாரும் அந்தப் பனியைத் துளைத்துப் பார்த்ததில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

நீ மஸ்கட்டிலிருந்து வந்ததும் மெஷினை எடுத்துவிடுவார்கள். சீக்கிரம் வா என்று எழுதக் கை வரவில்லை, அண்ணே. இப்போதெல்லாம் ஒரு பாதத்தை அவள் பிசைகிறாள், இன்னொன்றை நான்.

உன் தங்கச்சி