டிரெய்லர் பிரேக்கும் பச்சைப் பெயிண்டும்

ஐப்பசி 5, திங்கள்

விடியுமுன்பே மழை. ஷெட்டில் ஒழுகல். பட்டாள ஏலத்தில் வந்த அமெரிக்க லாரி, அதன் டிரெய்லர், இரண்டும் என் தலையில்.

சனிக்கிழமை திருவொற்றியூர் ரயில்வே கேட்டில் டிரெய்லர் பிரேக் பிடிக்காமல் லாரியைப் பின்னாலிருந்து தள்ளி, மூடியிருந்த கேட் உடைந்தது. ஓட்டியவன் சவரி. குடித்திருந்தான் என்று சொல்லி முதலாளி அன்றே சீட்டைக் கிழித்துவிட்டார். மதுவிலக்குக் காலத்தில் இந்தப் பழி. ஈஸ்டருக்கு முன் தபசு காலத்தில் குடியை விட்டவன், பிறகு தொட்டதேயில்லை. எனக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும்.

ஸ்டீரிங்குக்குக் கீழே சின்னப் பெட்டி, அதில் கைப்பிடி. இழுத்தால் டிரெய்லர் சக்கரத்து பிரேக்குக்குக் கரண்ட் போக வேண்டும். பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தம். ஒயரும் சரி. ஒயர் முனையில் பல்பு வைத்தால் எரிகிறது. பிரேக் மட்டும் பிடிக்கவில்லை. எழவு.

இடுப்பு வலி. மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

6, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். இன்றும் பெட்டியோடு மல்லுக்கட்டு.

மத்தியானம் சவரி. உள்ளே விடக்கூடாதென்று உத்தரவு, வாசலோடு நின்றான்.

"இன்னா நைனா, எதுனா ஆப்டுச்சா?"

"இன்னும் இல்லடா."

"கைப்பிடிய முழுசா இஸ்துகினுதான் இருந்தேன். மாதா மேல சத்தியம்."

என்னிடம் எதற்கடா சத்தியம்.

8, வியாழன்

அகப்பட்டது! பேட்டரியின் எர்த் முனையிலிருந்து தனி ஒயர் இழுத்து, கரண்ட் திரும்புகிற டிரெய்லர் எர்த் ஒயரில் வைத்தேன். டக்கென்று பிடித்தது. எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைப் பெயிண்ட். ஆயுத பூஜைக்கு முதலாளி ஆள் வைத்து லாரி, டிரெய்லர், ஜாக்கி, ஸ்பேனர் வரை பச்சை அடித்தாரே, அதுதான். அந்தப் புண்ணியவான் பயபக்தியாக ஒயரைக் கழற்றி, அடியிலும் அடித்து, திரும்ப முடுக்கியிருக்கிறான். பெயிண்ட் கரண்டைத் தடுக்கும். பல்பு எரியக் கசிகிற கொஞ்சம் கரண்ட் போதும். பிரேக்குக்குப் போதாது. மேலே சந்தனம், குங்குமம் வேறு.

சுரண்டினேன். முடுக்கினேன். இப்போது கைப்பிடியைத் தொட்டாலே நிற்கிறது.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தூத்துக்குடிக்காரர், நிதானமாகப் பார்த்தார்.

"அவன் இருந்த வரைக்கும் பிடிக்கல. அவன் போனான், பிரேக்கு பிடிக்கு. இதுக்கு மேல என்னவே சாட்சி வேணும்? ராசி கெட்ட பய."

"பெயிண்ட்..." என்றேன்.

"பூஜைக்கு அடிச்ச பெயிண்டுல குத்தம் கண்டுபிடிக்கீரோ?"

ஸ்பேனரைத் துடைத்து வைத்தேன். தூ, என்ன பிழைப்பு. நாளை புது டிரைவர் வருகிறானாம்.

11, ஞாயிறு

ராயபுரம், சவரி வீடு. தூறல். முந்தாநாள் சவரியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் கேட்டது: "மொதலாளி கெடக்கிறான். எம் பொண்ஜாதியாண்ட வந்து சொல்றியா நைனா? நான் குட்ச்சிருந்தேன்னு அதுவும் நம்பிகினு கீது."

போனேன். அப்போதுதான் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்திருந்தார்கள். சுரண்டிய பெயிண்டைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போயிருந்தேன். அவன் மனைவி மேரி காபி கொடுத்தாள். போல்ட், பெயிண்ட், பல்பு, எல்லாம் சொன்னேன். சவரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முழுதும் கேட்டுவிட்டு மேரி தம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"நீ அவருக்கு தோஸ்து அண்ணா. வேற இன்னா சொல்லுவே?"

பொட்டலத்தை நான் பிரிக்கவேயில்லை.