ஆவாரம்பட்டை வாசனை

1934 ஜூன் 11

இன்று காலை வாசல் பெருக்கும்போது எனக்கு நாற்றம் தெரிந்தது.

பதினேழு வருஷமாக ஆம்பூரில் இருக்கிறேன். தோல் பதனிடும் ஷாப்புக்கு நாலு வீடு தள்ளி வளர்ந்தேன், கல்யாணமாகி இப்போது இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். ரயிலில் வருகிறவர்கள் நம் ஊர் வந்ததும் ஏன் மூக்கை மூடுகிறார்கள் என்று அப்பாவைக் கேட்டவள் நான். இன்று பச்சைத் தோல் தனியாக, சுண்ணாம்பு தனியாக, ஆவாரம்பட்டை தனியாக வந்தது. யாரோ ஒரே நாளில் மூக்கைத் திறந்துவிட்டது போல. துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன்.

"இன்னாடி, யாராச்சும் கூப்ட்டாங்களா?" என்றார் மாமியார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

ஜூன் 15

ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்தக் கெழவி பூவம்மா கடலைப் பாக்காம செத்துடுவாளோன்னு மருமவ வீட்டுக்கே கொண்டாந்துட்டா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். விரல் விட்டு நாள் எண்ணினார். சிரித்தார்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 21

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

மத்தியானம் அவர் ஷாப்பிலிருந்து சாப்பிட வந்தார். (பெயரை எழுதக் கூச்சமாக இருக்கிறது.) பக்கத்தில் உட்கார்ந்தார். குமட்டிக்கொண்டு வந்தது. முந்தானை தானாக மூக்குக்குப் போய்விட்டது.

அவர் பார்த்துவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்புறம் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

கல்யாணமான வாரத்தில் அவர் ஒன்று சொன்னார். மூன்றாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் மூக்கை மூடினார்களாம். வாத்தியார் இவரை மட்டும் ஜன்னலோரம் தனியாக உட்காரவைத்தாராம். அந்த வருஷமே படிப்பை விட்டுவிட்டு அவருடைய அப்பாவோடு தோல் ஊறப்போடும் குழி வேலைக்குப் போய்விட்டார். "எங்கிட்ட மூக்க மூடாம உக்காந்த ஆளு நீதான்" என்று சிரித்தார்.

அந்த ஆளும் இன்று மூடிவிட்டாள்.

ஜூலை 4

இப்போதெல்லாம் ஷாப்புக் கிணற்றிலேயே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருகிறார். கை விரல்களெல்லாம் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருக்கின்றன. அப்படியும் எனக்குத் தெரிகிறது. தெரியாத மாதிரி நடிக்கிறேன். நடிப்பதும் அவருக்குத் தெரிகிறது.

சோறு வேப்பமரத்தடியில்தான். படுக்கை ஷாப்புக் கொட்டகையில்.

ஜூலை 19

"அவனுக்கும் உனக்கும் இன்னாடி பேஜாரு?" என்று மாமியார் கேட்டார். சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லக்கூட எனக்குக் குரல் வராது. அம்மா செத்து, ஆறாம் வகுப்போடு நின்றபோது டீச்சர் மீந்த நோட்டைக் கொடுத்து, வாயால் சொல்ல வராததை இதில் எழுது என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் அவருக்கு நோட்டைப் படிக்க வராதே.

ஆகஸ்ட் 21

செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரி மோட்டார் வண்டி சாலையோரப் புளியமரத்தடிக்கு வந்தது. மாமியார் அழைத்துப்போனார். டாக்டரம்மா வயிற்றைப் பார்த்து, எல்லாம் சரி என்றார். மாமியார்தான் கேட்டார்.

"டாக்டரம்மா, இவ புருஷங்கிட்ட மூக்க மூடிக்கிறா. பொறந்ததுலேர்ந்து இந்த ஊருதான். இது திமிரா, சீக்கா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரெண்டும் இல்லம்மா. உடம்புல சின்னச் சின்னச் சுரப்பிங்க இருக்கு. கர்ப்பமானா அதுங்க சுரக்கிறது ஜாஸ்தியாவுது. அது ரத்தத்தோட போய் மூளையிலயும் வேலை செய்யுது. சிலருக்கு மூக்கு கூர்மையாவும், சிலருக்கு மறதி, சிலருக்கு அழுகை. புள்ளையப் பாக்கறதுக்கு மூளை தன்னைத் தயார் பண்ணிக்குதுன்னு நாங்க நெனைக்கறோம். முழுசா எங்களுக்கே இன்னும் தெரியல."

"அப்ப ரசத்துல ரெண்டு தரம் உப்புப் போட்டதும் சுரப்பிதானா?"

"அதுக்கு நான் சாட்சி சொல்லமாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

வழியெல்லாம் அழுதேன். துக்கத்தில் இல்லை. என் மனசு கெட்டுப்போகவில்லை என்று ஒருவர் சொன்னதற்காக.

ஆகஸ்ட் 22

சொல்லிவிட்டேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன்.

"உங்க மேல ஒண்ணும் இல்ல. புள்ளைக்காக உடம்புல ஏதோ சுரக்குதாம். அது மூளைக்குப் போய் மாத்துதாம். நம்ம குழியில பட்டைத் தண்ணி தோலுக்குள்ள போய் மாத்துது பாருங்க, அந்த மாதிரி."

அவருக்குப் புரியட்டும் என்றுதான் குழியைச் சொன்னேன்.

"பன்னண்டு வருஷமா குழியில நிக்கறேன், செண்பகம்" என்றார். "பட்டைத் தண்ணில கெடந்த தோலு திரும்பப் பச்சைத் தோலாகி நான் பாத்ததில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் ஏன் குழியைச் சொன்னேன்? மாவு புளிப்பதைச் சொல்லியிருக்கலாம். இல்லை, அதுவும் திரும்பாது. வேறு ஏதாவது.

அக்டோபர் 9

கரண்டிக்குப் பெயர் மறந்துவிட்டது. "அது, அது" என்று காட்டினேன். மாமியார், "சுரப்பி" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார்.

நவம்பர் 27

ஷாப்பு மணி அடிக்கும்போதெல்லாம் உள்ளே உதைக்கிறது. அவருக்குச் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

1935 ஜனவரி 17

பெண் குழந்தை. நேற்று விடிந்ததும் பிறந்தாள். நன்றாக இருக்கிறோம்.

ஜனவரி 25

இவள் தலையை முகர்ந்துகொண்டே இருக்கிறேன். எதைப் போல என்று சொல்ல வரவில்லை. அரைப்படி அரிசி வேகிற நேரம் முகர்ந்தபடியே உட்கார்ந்திருந்தேனாம். சோறு குழைந்துபோன பிறகு மாமியார் வந்து பானையை இறக்கினார்.

எதிர்வீட்டு சுகரா பேகம் அக்காவின் கைக்குழந்தை அழுதாலும் என் ரவிக்கை நனைந்துவிடுகிறது. வெட்கமாக இருக்கிறது. அக்கா பார்த்துவிட்டு, "உனக்குப் பால் ஜாஸ்தி, எங்க வூட்ல கம்மி. எம்புள்ளைய இங்கயே வுட்டுட்டுப் போறேன்" என்றார். நானும் சிரித்தேன். நான் சிரித்ததை அக்கா இப்போதுதான் பார்க்கிறாராம்.

ஜனவரி 30

அவர் இன்னும் குழந்தையைத் தொடவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்று பார்க்கிறார்.

"தூக்கேன்டா சாமுவேலு. கடிச்சிடுமா?" என்றார் மாமியார்.

"வேணாம்மா. இதுக்காவது அந்த நாத்தம் ஒட்டாம இருக்கட்டும்."

மாமியார் திரும்பித் தூளியை ஆட்டத் தொடங்கினார்.

பிப்ரவரி 5

இன்று ஒன்று பார்த்தேன். அவர் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கூடத்தில், தூளிக்குப் பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். குழந்தை லேசாக முனகினாள். அழுகைகூட இல்லை. நான் தலை நிமிர்வதற்குள் அவர் நிலைப்படியில் நிற்கிறார். கையில் பிசைந்த சோறு அப்படியே இருக்கிறது.

அவருக்கு எப்படிக் கேட்டது? பத்து மாதம் சுமந்தவள் நான். அவருக்குள் எது சுரந்தது? டாக்டரம்மாவைக் கேட்க வேண்டும்.

குழந்தை அடங்கினாள். அவர் திரும்பிப் போனார். நிலையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

பிப்ரவரி 8

அவர் சட்டை கொடியில் கிடந்தது. ஷாப்புக்குப் போட்டுப்போகிற சட்டை. குழியில் இறங்கும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். அப்படியும் நாற்றம் ஏறிவிடும். துவைக்க எடுத்தேன். யாரும் இல்லை. முகத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஆவாரம்பட்டை. இருக்கிறது. போன வருஷத்துக்கு முன்னால் எனக்கு அது தெரியவே தெரியாது. இப்போது நன்றாகத் தெரிகிறது. அவர் சொன்னது சரிதான், நான் திரும்பப் பழையபடி ஆகவில்லை. ஆனால் வயிற்றைப் புரட்டவில்லை. முகத்தை எடுக்க மனசும் வரவில்லை.

சட்டையைத் துவைக்கவில்லை.

பிப்ரவரி 10

ஞாயிற்றுக்கிழமை. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். குழந்தை காலையிலிருந்து நிறுத்தாமல் அழுதாள். பால் கொடுத்தேன், தோளில் போட்டேன், அடங்கவில்லை. அவர் நிலைப்படிக்கும் வேப்பமரத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

கொடியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்தேன். தூளிக்குள் விரித்தேன். அதன்மேல் இவளைப் போட்டேன்.

"அது தொவைக்காத சட்ட" என்றார் வெளியிலிருந்து.

"தெரியும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. "ரெண்டு நாளா மோந்து பாத்துட்டுத்தான் வெச்சிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். குழந்தை கையை உதறினாள், சட்டையின் காலர் விரலில் சிக்கியது, பிடித்துக்கொண்டாள். அழுகை விக்கலானது.

தூளியை ஆட்டும் கயிற்றை நிலைப்படி வரை இழுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நான் உலை வைக்கப் போனேன்.