இருபத்தேழுக்கு முன்னால் ஒரு ஒன்று

பழைய வீடு
மார்ச் 3

அன்புள்ள ஏழு கூம்புக்காரிக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டால் "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்பாய். அதற்காகக் கேட்காமலும் இருக்க முடியவில்லை. நலமா?

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. "ரெண்டு பேரும் லெட்டர் எழுதிக்கோங்க, குறுக்கப் பேச முடியாதுல்ல" என்றாள் மகள். யோசித்துப் பார்த்தேன், அவள் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் இந்தத் தாள்.

விஷயம் இதுதான். நம் சிவப்பு வண்டியின் உறையைப் போன மாதம் உருவினேன். நீ அந்த ஊர்க் கடைக்கு வேலைக்குப் போன பிறகு அதை யாரும் தொடவே இல்லை, ஒன்பது வருடத் தூசி. பேட்டரியும் டயரும் புதிதாகப் போட்டு, போன ஞாயிறு ஆட்டோகிராஸில், அதுதான் நம் பழைய கூம்புப் பந்தயத்தில், பெயர் கொடுத்துவிட்டேன். அதே கார் நிறுத்துமிடம், அதே ஆரஞ்சுக் கூம்புகள், ஒவ்வொன்றின் அடியைச் சுற்றியும் அதே சாக்பீஸ் சதுரம். கூம்பு சதுரத்தை விட்டு வெளியே போனால் இன்றும் இரண்டு வினாடி தண்டம்தான். ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். என்னைப் பார்த்து "அங்கிள், மெதுவா" என்கிறார்கள்.

கடைசியாக வந்தேன். 64.9 வினாடி. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டியின் மூக்கு திரும்பாமல் நேரே போகிறது. விளக்குக் கம்பத்துப் பக்கத்துக் கடைசித் திருப்பத்தில் மொத்த வேகமும் செத்துவிடுகிறது. அங்கே நீ என்னதான் செய்வாய்? அத்தனை வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.

இன்னொன்று. ஒரே வண்டியை நாம் இருவரும் ஓட்டியதால், என் எண் 27-க்கு முன்னால் கறுப்பு டேப்பில் ஒரு ஒன்று ஒட்டி உன்னை 127 ஆக்குவோமே. பாதி நாள் அதை உரிக்காமலே ஊரெல்லாம் சுற்றுவோம். இப்போது கதவெல்லாம் பெயிண்ட் வெளுத்துவிட்டது, அந்த ஒன்று இருந்த இடம் மட்டும் வாங்கிய அன்று இருந்த சிவப்பு. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

இப்படிக்கு,
27


கண்ணாடிக் கடை மாடி
மார்ச் 14

வாத்தியார் அவர்களுக்கு வணக்கம்.

நலம்தான். படி ஏறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா" என்று கேட்க வாயெடுத்தேன், அதையும் நீங்களே எழுதிப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

கப் வாங்கின மனிதர் என்னிடம் பாடம் கேட்கிறார்! கண் பரிசோதனைக்கு வந்த அம்மாவைக் காக்கவைத்துவிட்டு இரண்டு தடவை படித்தேன். என் முதல் பந்தயத்தில் ஏழு கூம்பைச் சாய்த்ததை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம்.

சரி, கேளுங்கள். நீங்கள் கூம்பைப் பார்க்கிறீர்கள். கண் எங்கே போகிறதோ கையும் அங்கேதான் போகும். முதல் கூம்பைத் தாண்டும் முன்பே கண் மூன்றாவது கூம்பில் இருக்க வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு, நம்புங்கள். விளக்குக் கம்பத்தில் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள். இவ்வளவு மெதுவாகிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொள்ளும், அடித்துக்கொள்ளட்டும். பிறகு திருப்புங்கள், வெளியே போகும் வழி கண்ணில் பட்டதும் மிதியுங்கள். சீட்டை முன்னால் இழுங்கள். அது ஒன்றும் ஈஸிசேர் இல்லை.

டயரில் காற்று எவ்வளவு? முப்பதுதானே? எனக்குத் தெரியும். முன்னால் முப்பத்தாறு, பின்னால் நாற்பது வையுங்கள். பின்பக்கம் கொஞ்சம் வழுக்கிக்கொடுத்தால்தான் மூக்கு திரும்பும். டயரின் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பக்கவாட்டு வரைக்கும் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, இன்னும் காற்று வேண்டும் என்று அர்த்தம். ஸ்டெப்னியை இறக்குங்கள். டிக்கியில் இருக்கும் அந்த டூல் பெட்டியையும்தான். லிஃப்ட் மெக்கானிக் என்பதற்காக ஊரில் இருக்கும் லிஃப்டுக்கெல்லாம் நீங்களே சாமான் சுமக்க வேண்டாம்.

ஓட்டுவதற்கு முன் பாதையை மூன்று தடவை நடந்து பாருங்கள். உண்மையைச் சொன்னால், ஓட்டியதைவிட எனக்கு அந்த நடைதான் அதிகம் ஞாபகம் இருக்கிறது. ஒரு பிளாஸ்க் டீ, நீங்கள் முன்னால் விடாமல் பேசிக்கொண்டு, நான் பின்னால் கேட்காமல் கையை மட்டும் ஸ்டீயரிங் மாதிரி திருப்பிக்கொண்டு. அப்போது நாம் நன்றாகத்தான் இருந்தோம், இல்லையா?

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரி


பழைய வீடு
மார்ச் 28

அன்புள்ள கண் டாக்டரம்மாவுக்கு,

61.2! கடைசியிலிருந்து நான்காவது!

நீ சொன்ன காற்றை வைத்தேன். முதல் ஓட்டத்தில் பின்பக்கம் வீசிய வீச்சில் வண்டி முழுசாகச் சுற்றி, வந்த வழியையே பார்த்து நின்றது. "அங்கிள், வீட்டுக்குக் கிளம்பிட்டீங்களா?" என்றான் ஒருவன். இரண்டாவது ஓட்டத்தில் உன் பேச்சைக் கேட்டுக் கண்ணை மூன்றாவது கூம்பில் வைத்தேன். அடேயப்பா! கூம்புகள் தாமாக ஒதுங்கி வழிவிட்ட மாதிரி இருந்தது. இதைத்தான் நீ இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டிருந்தாயா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். நான் சொல்ல விட்டிருந்தால்தானே.

முதுகுக்கு வைப்பாயே, அந்தச் சின்ன மெத்தை, அது சீட்டுக்கு அடியில் இருந்தது. சீட்டை முன்னால் இழுத்தபோது வெளியே வந்தது. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்வதில் என்ன வெட்கம், மனசு உன்னைத் தேடுகிறது.

ஜூன் முதல் ஞாயிறு பெரிய பந்தயம். ஒரே வண்டியில் இரண்டு பேர் ஓட்டலாம் என்று செயலாளர் சொல்கிறார். வருவாயா?

இப்படிக்கு,
27


கண்ணாடிக் கடை மாடி
ஏப்ரல் 9

அன்புள்ள உங்களுக்கு,

வருவாயா என்று கேட்டுவிட்டீர்கள். வருவதென்றால் முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகும் நீங்கள் கூப்பிடுவீர்களா என்று தெரியவில்லை. கூப்பிடாவிட்டால் தாங்குவேனா என்பதும் தெரியவில்லை.

அந்தக் கப். பதினாலு வருடமாகியும் அந்த நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. என் ஓட்டங்கள் முடிந்துவிட்டன, 59.0, அதுவரைக்கும் நான்தான் முதல். உங்களுக்குக் கடைசி ஓட்டம். ஆள் குறைவென்று என் கையில் கொடியைக் கொடுத்து விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தினார்கள். கூம்பு நகர்ந்தால் நான் கொடியைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கூம்பு நகர்ந்தது. உங்கள் பின் பம்பர் இடித்து, சதுரத்தை விட்டு இரண்டு சாண் தள்ளிப் போய் நின்றது. நான் கொடியைத் தூக்கவில்லை. குனிந்து கூம்பை எடுத்துச் சதுரத்துக்குள் வைத்துவிட்டேன். உங்களுக்கு 58.6 என்று அறிவித்தார்கள். தண்டம் சேர்த்திருந்தால் 60.6.

அந்த வருடம் லிஃப்ட் கம்பெனி உங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஏழு மாதம் நீங்கள் சிரித்து நான் பார்க்கவில்லை. கப்பைத் தூக்கிக்கொண்டு சிரித்தீர்களே, அந்தச் சிரிப்புக்கு என் கப் ஒன்று போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் மறுவாரமே "கப் வாங்கினவன் சொல்றேன், கேளு" என்று ஆரம்பித்தீர்கள். பிரேக்குக்கு ஒரு பாடம், காற்றுக்கு ஒரு பாடம், அப்புறம் குழம்புக்கு, மகள் படிப்புக்கு, என் வேலைக்கு. ஒவ்வொரு தடவையும் அந்தக் கூம்பு தொண்டை வரைக்கும் வரும், விழுங்குவேன். கடைசியில் உங்களோடு பேசவே எனக்கு எதுவும் மிச்சமில்லை. ஆறு மாத வேலை என்று சொல்லி வந்தவள் ஒன்பது வருடம் ஏன் திரும்பவில்லை என்று மகள் கேட்கிறாள். இதை எப்படி அவளிடம் சொல்வது?

திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுதுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரி


கண்ணாடிக் கடை மாடி
மே 6

நாலு வாரமாகிவிட்டது. தபால்காரர் தினமும் வாசலைத் தாண்டிப் போகிறார். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று நான் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறார்.

கோபமென்றால் கோபம் என்றாவது ஒரு வரி எழுதக் கூடாதா? உடம்புக்கு ஒன்றுமில்லையே? சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது.


பழைய வீடு
மே 19

அன்புள்ள உனக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை. ஆறு தடவை எழுதிக் கிழித்தேன், இது ஏழாவது. உன் கூம்புக் கணக்குக்குச் சரியாக வந்துவிட்டது.

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். பின்னால் "டொக்" என்று கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். நீ கொடியைக் கீழே போட்டுவிட்டுக் குனிவது தெரிந்தது. வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாகப் பின்பக்கம் ஓடினேன். பம்பரில் விரல் நீளத்துக்கு ஆரஞ்சுத் தீற்றல். நீ வந்து சேர்வதற்குள் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். நீ சந்தோஷப்பட்டாயே, அந்தச் சிரிப்பு.

என் மனைவிக்கு என்மேல் பாவமாக இருக்கிறது, நானாக ஜெயிப்பேன் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. இதுதான் அன்றிலிருந்து என்னை அரித்தது. நம்பிக்கை வரவைக்கிறேன் பேர்வழி என்று பாடமெடுக்க ஆரம்பித்தேன். நீ வாயை மூட மூட நான் இன்னும் கத்தினேன். உன் கப்பை அலமாரியில் வைத்துக்கொண்டு உனக்கே வாத்தியாராக இருந்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் கிடைத்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். வெறும் தாளில் எழுதினால் போதாது என்று பட்டது. அடுத்த பந்தயம் மே 18, அதாவது நேற்று. அதுவரைக்கும் காத்திருந்தேன். உன்னை இப்படித் தவிக்க விட்டிருக்கக் கூடாது. அதுவும் என் தப்புதான்.

நேற்றுக் காலை எல்லோரும் செயலாளர் மேசையைச் சுற்றி நின்றபோது கையைத் தூக்கினேன். அங்கிளுக்கு டாய்லெட் போகணுமோ என்று நினைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். "கொடி தூக்காததுக்கு அவள யாரும் குத்தம் சொல்லாதீங்க. பார்த்துட்டு வாயத் திறக்காதவன் நான்தான்" என்றேன். செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பதினாலு வருஷம் கழிச்சு ரெண்டு செகண்ட சேத்துக்கோங்கன்னு கேக்குற மொத ஆளு நீங்கதான் சார்" என்றார். பழைய முடிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து என் முன்னாலேயே அடித்துத் திருத்தினார். முதலிடம், 127. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கில்லை, உனக்கு.

பிறகு ஓட்டினேன். 59.8. ஒரு கூம்பையும் தொடவில்லை.

கப்பைப் பார்சல் கட்ட எடுத்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். ஜெயித்தவர்கள் நேரில் வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டாமிடம், 27


கண்ணாடிக் கடை மாடி
மே 26

அன்புள்ள இரண்டாமிடத்துக்கு,

கடையில் வைத்துத்தான் படித்தேன். அழுதேன். வந்தவர்களிடம் "கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டிருக்கேன்" என்று சமாளித்தேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதில் அப்படி ஒரு வசதி.

நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், வீட்டுக்குப் போகிற வழியிலேயே வண்டியை ஓரங்கட்டி ஒரு நல்ல சண்டை போட்டிருப்பேன். அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். போங்கள், நீங்களும் உங்கள் கைக்குட்டையும்.

பந்தயத்தன்று காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். குடும்பம் நடத்த வருகிறேன் என்று இப்போதே கனவு காண வேண்டாம். உங்கள் 59.8-ஐ உடைக்க வருகிறேன், மற்றதை அப்புறம் பார்ப்போம். பையில் இரண்டு புடவை அதிகமாக வைத்திருக்கிறேன், அதைப் பற்றி ஒன்றும் கேட்கக் கூடாது.

மெத்தையை வெயிலில் போடுங்கள். பின் டயரில் காற்றைத் தொடாதீர்கள். வாயைத் திறந்து பாடமெடுத்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

கறுப்பு டேப் வாங்கி வையுங்கள். ஒட்டாதீர்கள். நான் வந்து ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
127